மின்னஞ்சலுக்கு அட்டை போட்டவர்

கணினியைத் தொலைபேசியோடு இணைக்கும் மோடம் வந்த பெட்டியை முதலில் கம்ப்யூட்டர் துறைக்குத்தான் கொண்டுபோனார்கள். அங்கே எட்டுக் கணினிகள், குளிர்சாதனம், ‘அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது’ என்ற பலகை எல்லாம் இருந்தன. வெளியே பேசக்கூடிய தொலைபேசி மட்டும் இல்லை. கல்லூரி முழுவதிலும் அப்படி இரண்டே இணைப்புகள். ஒன்று முதல்வர் அறையில். இன்னொன்று நூலகத்தில், பருவ இதழ்கள் அடுக்கிய மூலையில். புத்தகம் அனுப்பாமல் காலம் கடத்தும் கடைக்காரர்களை விரட்டுவதற்காக வாங்கியது. முதல்வர் தன் தொலைபேசியைக் கொடுக்கப்போவதில்லை. ஆகவே பெட்டிக்கு மறுபடி கயிறு கட்டி, ஒரு கணினியோடு சேர்த்து நூலகத்தின் படியேற்றினார்கள்.

“இதை யார் பாத்துப்பாங்க?” என்று நூலகர் கேட்டார். கேட்டபோதே அவர் பார்வை ஜன்னலோர மேசைக்குப் போய்விட்டது. அங்கே அட்டையக்கா இருந்தார்.

கல்லூரியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நூலகத்துக்கு வரும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் மூன்று அட்டை எழுதுவது அவர் வேலை. எழுதியவர் பெயரில் ஒன்று, தலைப்பில் ஒன்று, பொருளில் ஒன்று. பத்தொன்பது வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தார். அவருடைய அட்டைகளில் அடித்தல் திருத்தல் இருக்காது. தட்டச்சு செய்யும்போது விரல்களைப் பார்க்க மாட்டார். எதிரில் நிற்பவரைப் பார்ப்பார். அதனாலேயே சிலருக்கு அவரிடம் கொஞ்சம் பயம்.

பொருத்தி முடித்ததும் மோடம் கீச்சிட்டுக் கத்தியது. பொருத்த வந்த கம்ப்யூட்டர் துறைப் பேராசிரியர், கைநழுவிப் போன பொருளைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “பாத்துக்கோங்க அக்கா. இது டைப்ரைட்டர் இல்ல.”

“தெரியுது சார். டைப்ரைட்டர் இப்படிக் கத்தாது.”

கல்லூரி முழுவதற்கும் ஒரே மின்னஞ்சல் முகவரி. யாருக்கு எது அனுப்ப வேண்டுமானாலும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அட்டையக்காவிடம் கொடுக்க வேண்டும். அவர் அதைத் தட்டச்சு செய்து வைத்துக்கொள்வார். காலை பதினொன்றுக்கும் பிற்பகல் மூன்றுக்கும் இணைப்பைப் போட்டு, இருப்பதை அனுப்பி, வந்திருப்பதை வாங்கி, உடனே துண்டித்துவிடுவார். வந்தவற்றை அச்செடுத்து, ஓரத்துத் துளைக் காகிதத்தைக் கிழித்தெறிந்துவிட்டு, உரியவர்களின் கடிதப் பெட்டியில் போடுவார். ஊசி அச்சுப்பொறியின் இரைச்சல் கேட்டால் படிக்கும் அறையில் இருப்பவர்கள் தலைநிமிர்ந்து பார்ப்பார்கள். எங்கிருந்தோ யாரோ பதில் சொல்லிவிட்டார்கள் என்று அர்த்தம்.

முதல் வாரத்திலேயே அட்டையக்கா நூலகரிடம் ஒரு கேள்வி கேட்டார். “சார், அவங்களுக்கு ஒரு காப்பி குடுத்துடறேன். நம்ம காப்பிய என்ன பண்றது?”

நூலகர் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நூலகத்துக்குள்ள வந்த காகிதம்னா நம்பர் போடணும். புதுசா என்ன கேள்வி?”

அட்டையக்கா நம்பர் போட்டார். மி-1, மி-2 என்று. நம்பர் போட்டால் அட்டையும் எழுத வேண்டும் அல்லவா? அனுப்பியவரை எழுதியவர் என்று வைத்துக்கொண்டார். கடிதத்தின் மேலே வரும் பொருள் வரியைத் தலைப்பாக எடுத்துக்கொண்டார். உள்ளடக்கத்தைப் படித்துப் பகுப்பு எண் கொடுத்தார். மூன்று அட்டைகளும் புத்தக அட்டைகளோடு ஒரே இழுப்பறைகளில் போய் உட்கார்ந்தன. அசல் அச்சுப்படி, கோப்புப் பெட்டியில் வரிசை எண்படி நின்றது. கேட்பவர் யாரும் எடுத்துப் பார்க்கலாம்.

விஷயம் தெரிந்ததும் கம்ப்யூட்டர் துறையில் இரண்டு நாள் சிரிப்பு அடங்கவில்லை. “உலகத்துலயே ஈமெயிலுக்கு அட்டை போடற ஒரே ஆள் நம்மகிட்டதான் இருக்காங்க” என்று பேராசிரியர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சிரிப்பு நான்கு மாதம் தாங்கவில்லை. புவியியல் ஆசிரியர் ஒருவர் கிணற்று நீரில் உப்பை அளக்கும் எளிய முறை பற்றிக் கேட்டனுப்பி, மூன்று நாடுகளிலிருந்து பதில் வாங்கியிருந்தார். சில வாரம் கழித்துத் தாவரவியலில் ஒருவர் அதே கேள்வியைச் சீட்டில் எழுதிக் கொண்டுவந்தார். அட்டையக்கா சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“இதக் கேட்டாச்சு சார். பதிலும் வந்தாச்சு. ‘நீர்’ இழுப்பறைல பாருங்க. மி-41, மி-44, மி-45.”

“நான் கேக்கவே இல்லையே?”

“கேள்வி உங்களோடதுன்னு யார் சொன்னா?”

இந்தப் பதிலில் ஒரு தத்துவம் இருக்கிறது. அட்டையக்கா அப்படி நினைத்துச் சொல்லவில்லை என்றாலும். ஒருவருக்குக் கிடைத்த விடை இன்னொருவருக்கும் விடையாக முடியும், அதை அவர் கண்டெடுக்கும் இடத்தில் யாராவது வைத்தால். நூலகம் என்ற ஏற்பாடே இந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது. அவர் அந்த நம்பிக்கையை ஒரு புதிய காகிதத்தின் மேலும் நீட்டினார், அவ்வளவுதான். அதைச் சாதனை என்று சொல்வது மிகை. ஆனால் அந்தக் கல்லூரியில் வேறு யாருக்கும் அது தோன்றவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவர் கணவர் தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவர். வீடு ஒரு துணிக்கடையின் மேல்மாடியில். இரண்டு அறை, ஒரு சமையலறை. மாலையில் இருவரும் ஒரே நேரத்தில் வீடு திரும்புவார்கள். செருப்பைக் கழற்றும்போதே கணவர் ஆரம்பிப்பார்.

“இன்னிக்கு என் கடுதாசில எத்தனைய முழுங்கின?”

“அஞ்சு.”

“என் வேலைக்கு வீட்டுக்குள்ளயே உலை வெச்சுட்டியே.”

“உன் கடுதாசி போய்ச் சேர்றதுக்குள்ள கேள்வி கேட்டவனுக்குப் பேரன் பொறந்துடறான்.”

பள்ளி இறுதி வகுப்பில் இருந்த மகள் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், காதைப் பொத்திக்கொண்டு படிப்பாள்.

வேதியியல் துறையில் இளையவர் ஒரு விரிவுரையாளர். மாணவர்கள் அவரைச் சின்ன மேடம் என்பார்கள். துறைத்தலைவருக்கு அவர்கள் வைத்த பெயர் ஆசிட். சின்ன மேடம் வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு, இரண்டு வருடப் பணிக்கு விண்ணப்பித்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. கிடைக்காமல் போனால் துறைக்குள் தலைகாட்ட முடியாது என்று பயம். தபாலில் எழுதினால் போக மூன்று வாரம், வர மூன்று வாரம். அதனால் மின்னஞ்சலில் எழுதினார். ஒரு புதன்கிழமை காலை பதில் வந்தது. இடம் அவருக்கு. கல்லூரி அவரை இரண்டு வருடம் விடுவிக்கச் சம்மதிக்கிறது என்று துறைத்தலைவரும் முதல்வரும் கையெழுத்திட்ட கடிதம் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் இடம் பட்டியலில் அடுத்து இருப்பவருக்கு.

அட்டையக்கா வழக்கம்போல ஒரு பிரதியைச் சின்ன மேடத்தின் பெட்டியில் போட்டார். இன்னொன்றுக்கு மி-611 என்று எண் கொடுத்தார். பொருள் அட்டையில் சுத்தமாக எழுதினார்: ‘ஆய்வுப் பணி, வேதியியல், வெளிநாடு. ஈராண்டு. தேர்வு பெற்றவர் இக்கல்லூரி விரிவுரையாளர். மேலும் காண்க: ஆசிரியர்கள், விடுப்பு.’

மறுநாள் காலை துறைத்தலைவர் நூலகத்துக்கு வந்தார். ஆய்வகக் கழிவை எப்படி அகற்றுவது என்று ஒரு புத்தகம் தேவைப்பட்டது. ‘ஆய்வகக் கழிவு’ என்று அட்டைகளைத் தள்ளிக்கொண்டே போனவர், அகரவரிசையில் அதற்கு இரண்டு அட்டை தள்ளி ‘ஆய்வுப் பணி’யைப் பார்த்தார். நின்று முழுவதையும் படித்தார். புத்தகம் எடுக்காமலே போய்விட்டார்.

பதினொன்றே முக்காலுக்குச் சின்ன மேடம் வந்தார். ஆய்வகத்து வெள்ளைக் கோட்டைக் கழற்றக்கூட இல்லை.

“அக்கா, அந்தக் கடிதம் எனக்கு வந்தது.”

“ஆமா மேடம். உங்க காப்பிய நேத்தே உங்க பெட்டில போட்டேனே.”

“எனக்குக் காப்பி குடுத்தீங்க. மிச்சத்த ஊருக்குக் குடுத்துட்டீங்க.”

அட்டையக்காவுக்கு உண்மையிலேயே புரியவில்லை. சின்ன மேடம் இழுப்பறையைத் திறந்து அட்டையைக் காட்டினார். “எங்க சார் என்னைக் கூப்பிட்டு, ‘வாழ்த்துகள், எப்பக் கெளம்பறீங்க’ன்னு கேக்கறார். நான் திங்கக்கிழமை அவர்கிட்ட பக்குவமாச் சொல்லலாம்னு இருந்தேன். இப்ப கையெழுத்தே போட மாட்டேங்கறார். ‘என் துறைல நடக்கறத நான் இழுப்பறைலயா தெரிஞ்சுக்கணும்’னு சொல்றார். அதுல ‘மேலும் காண்க’ வேற போட்டிருக்கீங்க.”

“விடுப்பு சம்பந்தமாத் தேடறவங்களுக்கு உபயோகமா இருக்கும்னு…” என்று ஆரம்பித்த அட்டையக்கா பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மேசையைச் சுற்றி மூன்று மாணவர்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். சின்ன மேடம் அவர்களை விலக்கிக்கொண்டு போய்விட்டார். அட்டையக்கா, அட்டைகளைக் கோத்திருக்கும் இழுப்பறைக் கம்பிகளை இழுத்து, மூன்று அட்டைகளையும் உருவினார். கம்பிகளை மறுபடி செருகினார். இருபது வருடத்தில் அவர் ஓர் அட்டையை, தவறு என்று எடுத்தது அதுதான் முதல் தடவை.

வீட்டில் அன்று கணவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். அட்டையக்கா பதிலுக்கு நடந்ததை முழுவதும் சொன்னார். கணவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை.

“ஒட்டாத கவர் வந்தா நாங்க என்ன பண்ணுவோம் தெரியுமா? ஒட்டித்தான் அனுப்புவோம். உள்ள எட்டிப் பாக்க மாட்டோம்.”

“எங்க வேலை வேற. உள்ள என்ன இருக்குன்னு பாக்கலன்னா எப்படி அட்டை எழுதறது?”

“அதத்தான் சொல்றேன். உங்களுக்கு எது வந்தாலும் ஊருக்கு. எங்களுக்கு எது வந்தாலும் ஒருத்தருக்கு. இந்தக் கடுதாசி எந்தப் பக்கம்?”

“அதுல கவரே இல்லையே.”

“அப்ப நீதான் கவர்.”

“அப்பா டயலாக் விட ஆரம்பிச்சாச்சு” என்றாள் மகள், புத்தகத்திலிருந்து தலை நிமிராமல்.

அட்டையக்காவுக்கு அந்த வாக்கியம் பிடிக்கவில்லை. அவர் கவர் இல்லை. எதையும் மூடி வைப்பது அவர் சுபாவத்திலேயே கிடையாது. ஆனால் கேள்வி நியாயமானது என்று பட்டது. ஒரு காகிதம் எல்லாருக்குமானதா ஒருவருக்கானதா என்பது அந்தக் காகிதத்தில் எழுதியிருக்காது. அதைப் பெற்றவரைத்தான் கேட்க வேண்டும். அவர் அறுநூற்றுப் பதினொரு கடிதங்களில் ஒருவரைக்கூடக் கேட்டதில்லை.

மறுநாள், வெள்ளிக்கிழமை காலையில் அவர் நூலகத்துக்குப் போகவில்லை. நேராக வேதியியல் துறைக்குப் போனார். துறைத்தலைவர் ஆய்வகச் சாமான் அறையில் கண்ணாடிக் குழாய்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து விரிசல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, அடுத்த அட்டைய நேர்லயே கொண்டுவந்துட்டீங்களா?”

“சார், தப்பு என்னுது. அவங்க உங்ககிட்ட திங்கக்கிழமை சொல்றதா இருந்தாங்க. நான் வியாழக்கிழமையே சொல்லிட்டேன். அந்த நாலு நாளுக்காக நீங்க கோவப்படறதா இருந்தா, அது என் மேல வரணும். அவங்க இடத்து மேல வரக் கூடாது.”

துறைத்தலைவர் குழாயைக் கீழே வைத்தார். யாரும் அவரிடம் இவ்வளவு நேராகப் பேசியதில்லை போலிருக்கிறது. “கோவம் இருக்கு. இல்லன்னு சொல்லல. ஆனா அது மட்டும் இல்லம்மா. மூணாம் வருஷம் செய்முறை வகுப்ப யார் எடுப்பா? போன தடவை ஒரு இடம் காலியானப்ப மூணு தடவை விளம்பரம் போட்டோம். ஒருத்தர் வரல. ரெண்டு வருஷம் நான் ஒருத்தனே அறுபது பசங்களக் கட்டி மேய்க்கணுமா?”

“ஆள் கெடைச்சா கையெழுத்துப் போடுவீங்களா?”

“உருப்படியான ஆள் கெடைச்சாப் போடறேன்.”

“வார்த்தை மாற மாட்டீங்களே?”

“ஏம்மா, என்னைப் பாத்தா எப்படித் தெரியுது?”

மாணவர்கள் வைத்த பெயர் அட்டையக்காவின் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப்போனது. பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். “அப்ப எழுதிக் குடுங்க சார். என்ன படிச்சிருக்கணும், எத்தனை வகுப்பு, எப்போலேருந்து. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இது நூலகர்கள் எல்லாம் சேந்து மின்னஞ்சல்ல நடத்தற மடல்குழுவுக்குப் போகும். நானூறு நூலகத்துல படிப்பாங்க. கீழ உங்க பேர் இருக்கும். போட்டுடலாமா?”

துறைத்தலைவர் அதுவரை ஒரு சீட்டுகூட எழுதிக் கொடுத்தவர் இல்லை. எழுதக் கையிருக்கும்போது எதற்கு இயந்திரம் என்பது அவர் கொள்கை. சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “எல்லாரும் படிக்கட்டும். எனக்கு ஒளிவுமறைவு கெடையாது” என்று சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார். ஒரு சீட்டு போதவில்லை. மூன்றாவது சீட்டில்தான் நிறுத்தினார்.

அங்கிருந்து அட்டையக்கா சின்ன மேடத்தைத் தேடிப் போனார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அட்டையக்கா சீட்டுகளைக் காட்டினார். “இதுல உங்க பேர் இல்ல. ஆனா இடம் காலியாகுதுன்னு படிக்கறவங்களுக்குத் தெரியும். அனுப்பலாமா?”

“இப்பக் கேக்கறீங்க.”

“இப்பத்தான் கத்துக்கிட்டேன் மேடம். இன்னொண்ணு. அந்த ஆய்வுக்கூடத்துக்கு நானே ஒரு கடிதம் எழுதணும். உங்களுக்காக இல்ல, என் தப்புக்காக. எழுதலாமா? வேணாம்னா விட்டுடறேன்.”

சின்ன மேடம் யோசித்தார். “எனக்குக் காட்டிட்டு அனுப்புங்க” என்றார்.

ஒரு வருடத்துக்கு மேலாக மற்றவர்களின் கடிதங்களைத் தட்டச்சு செய்தவர், தன் பெயரில் எழுதிய முதல் மின்னஞ்சல் அதுதான். அரை மணி நேரம் பிடித்தது. எதிரில் யாரும் நிற்கவில்லை. அதனால் விரல்களைப் பார்த்துக்கொண்டே அடித்தார். அட்டை எழுதிப் பழகிய கை, ஐந்து வரிக்கு மேல் போகவில்லை. நான் இந்தக் கல்லூரி நூலகத்தின் பட்டியலாளர். நீங்கள் எங்கள் விரிவுரையாளருக்கு எழுதிய கடிதத்தை அவரைக் கேட்காமல் பொதுப் பட்டியலில் சேர்த்துவிட்டேன். அதனால் கல்லூரியின் சம்மதம் தாமதமாகிறது. தவறு என்னுடையது, அவருடையது அல்ல. சம்மதக் கடிதத்துக்கு இன்னும் சில நாட்கள் தர முடியுமா?

சின்ன மேடம் படித்துப் பார்த்தார். ஒரு காற்புள்ளியை மட்டும் நகர்த்தினார்.

பதினொரு மணிக்கு அந்தக் கடிதமும் துறைத்தலைவரின் விளம்பரமும் போயின.

சனிக்கிழமை எதுவும் வரவில்லை. திங்கட்கிழமை மடல்குழுவிலிருந்து இரண்டு வந்தன. ஒன்றில் ஒருவர், விளம்பரம் மிகத் தெளிவாக இருப்பதாகப் பாராட்டியிருந்தார். மற்றதில் ஒருவர் வேதியியல் கற்பிக்கும் ஃபிளாப்பி விற்பதாகச் சொல்லியிருந்தார். கம்ப்யூட்டர் துறைப் பேராசிரியர் அந்தப் பக்கம் வந்தவர், “எதுக்கும் ஒரு அட்டை போட்டு வைங்க அக்கா” என்றார்.

“பாராட்டுக்கா, ஃபிளாப்பிக்கா சார்?” என்று கேட்டுவிட்டு அட்டையக்கா வேலையைத் தொடர்ந்தார்.

அன்று மூன்று மணிக்கு ஆய்வுக்கூடத்திலிருந்து பதில் வந்தது. அட்டையக்காவின் பெயரிட்டு. கெடுவை நீட்டிக்க முடியாது. வெள்ளி என்றால் வெள்ளிதான். ஆனால் கையெழுத்திட்ட தாள் இப்போதே வர வேண்டியதில்லை. கையெழுத்தாகிவிட்டது என்று கல்லூரியின் முகவரியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தாலே இடம் உறுதி. தாள் தபாலில் மெதுவாக வரட்டும். கூரியரில் அனுப்புவதென்றால் செவ்வாய்க்கிழமையே கையெழுத்தாகியிருக்க வேண்டும். இந்தச் சலுகையில் மூன்று நாள் கிடைத்தது.

அட்டையக்கா கூடுதலாகக் கேட்டது கிடைக்கவில்லை. கிடைத்தது போதுமா என்று செவ்வாய்க்கிழமை காலைவரை தெரியவில்லை.

செவ்வாய் பதினொன்றுக்கு அச்சுப்பொறி இரைந்தது. எங்கோ தொலைவில், ஒரு பெண்கள் கல்லூரியின் நூலக உதவியாளர் எழுதியிருந்தார். அவர்கள் கல்லூரியின் வேதியியல் ஆசிரியை ஒருவரின் கணவருக்கு, இந்த ஊருக்கு மாற்றல் ஆகியிருக்கிறது. இரண்டு பேருக்கும் இரண்டு ஊராகிவிடுமே என்று அந்த அம்மா கவலையில் இருக்கிறார். ஒன்பது வருடம் செய்முறை வகுப்பு எடுத்தவர். கடைசி வரியில், ‘அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்’ என்று இருந்தது. அந்த வரியை அட்டையக்கா இரண்டு தடவை படித்தார். முகம் தெரியாத ஒருத்தி இதை முன்பே அறிந்திருந்தாள் என்பது அவருக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

துறைத்தலைவர் சுலபத்தில் நம்பவில்லை. ஆறு கேள்விகள் எழுதிக் கொடுத்தார். வீரியம் தெரியாத அமிலத்தை மாணவன் கையில் கொடுப்பதற்கு முன் என்ன செய்வீர்கள் என்பது முதல் கேள்வி. புதன்கிழமை ஆறு கேள்விக்கும் பதில் வந்தது. முதல் கேள்விக்கான பதில், ‘கொடுக்க மாட்டேன்’ என்று இரண்டே வார்த்தை.

துறைத்தலைவர் நூலகத்தில் நின்றபடியே படித்தார். “பரவால்ல. விஷயம் தெரிஞ்சவங்க” என்றார். அவர் வாயிலிருந்து இதற்கு மேல் ஒரு பாராட்டு வந்ததாகக் கல்லூரியில் யாருக்கும் ஞாபகம் இல்லை. வியாழக்கிழமை அந்த அம்மாவுடன் நூலகத் தொலைபேசியிலேயே அரை மணி நேரம் பேசினார். பாதிப் பேச்சு, கண்ணாடிக் குழாய்களை எப்படிக் கழுவுவது என்பதைப் பற்றி.

வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரைக்கு அவர் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிவிட்டுச் சின்ன மேடத்திடம் சொன்னார். “திரும்பி வருவீங்கல்ல?”

“வருவேன் சார்.”

“வந்தா முதல்ல என்கிட்ட சொல்லுங்க. இழுப்பறைகிட்ட சொல்லாதீங்க.”

முதல்வரின் கையெழுத்தும் வாங்கி முடிய மூன்று மணி. அட்டையக்கா நான்கு வரி அடித்து வைத்து இணைப்பைப் போட்டார். எதிர்முனை ஓயாமல் பிசி. மூன்றரைக்கும் பிசி. சின்ன மேடம் ஜன்னலோரம் போய் நின்றார், திரும்பி வந்தார், மறுபடி போனார்.

“மேடம், நீங்க நடந்தா அது வேகமாப் போகாது. உக்காருங்க.”

மூன்று நாற்பதுக்கு மோடம் தன் வழக்கமான கூச்சலைப் போட்டது. திரையில் ஒரு கோடு மெதுவாக நிறைந்தது.

“போச்சா அக்கா?”

“போச்சு.”

இதற்குப் பிறகு அட்டையக்கா, மின்னஞ்சலுக்கு அட்டை போடுவதை விட்டுவிட்டார் என்று சிலர் சொல்கிறார்கள். அது உண்மையில்லை. சனிக்கிழமையிலிருந்தே துண்டுச் சீட்டில் புதிதாக ஒரு வரி வந்தது: ‘பதில் எனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?’ பழைய கடிதங்களை எடுத்துக்கொண்டு துறை துறையாகப் போய் ஒவ்வொருவரிடமும் கேட்டார், இது இருக்கலாமா என்று. பெரும்பாலோர் இருக்கட்டும் என்றார்கள். ஒன்பது பேர் எடுத்துவிடச் சொன்னார்கள். மி-180 மட்டும் கல்லூரி முழுக்கப் பேசப்பட்டது. வரலாற்றுப் பேராசிரியரின் மைத்துனர் தன் வீட்டுக் கூரை ஒழுகுவதாகப் புலம்பியிருந்த கடிதம் அது. பத்து மாதமாக ‘கட்டடக் கலை, பராமரிப்பு’ என்ற தலைப்பில் இருந்திருக்கிறது. பேராசிரியர் சிரித்துவிட்டு, “அது இருக்கட்டும் அக்கா, யாருக்காவது உதவும்” என்றார்.

அட்டையக்காவைப் பெரிய மனுஷி என்று சொல்லிவிடுவது எளிது. அவரிடம் இருந்தது அதைவிடச் சிறியது, அதைவிட அரிது. தன் முறையில் ஒரு பிழை தெரிந்ததும் அவர் முறையையும் தூக்கிப் போடவில்லை, பிழைக்கும் சாக்குச் சொல்லவில்லை. இரண்டில் ஒன்றைச் செய்பவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

அந்த வெள்ளிக்கு அடுத்த திங்கட்கிழமை காலை ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு வரி வந்தது, சின்ன மேடத்தின் பெயருக்கு. அட்டையக்கா அதை அச்செடுத்தார். எண் போடவில்லை. பெட்டியிலும் போடவில்லை. நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வேதியியல் துறையின் மாடிப்படி ஏறினார். சின்ன மேடம் வகுப்பில் இருந்தார். மணி அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. அட்டையக்கா கதவுக்கு வெளியே சுவரோரம் நின்றார்.

தாமதமாக வந்த மாணவி ஒருத்தி அவர் கையைப் பார்த்தாள். “என்னக்கா அது?”

“கடிதம்.”

“என்ன எழுதியிருக்கு?”

“எனக்கு வந்ததில்ல. அதனால உனக்கும் இல்ல. உள்ள போ, ஏற்கெனவே லேட்டு.”